5,000 ரூபாய்: கிரைண்டருக்கா, மாடித் தோட்டத்துக்கா, உழவர் சந்தைக்கா?

சாப்பாட்டுச் செலவைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுக்கும் கோயம்புத்தூர்க் குடும்பங்கள் பலவும் முதலில் போய் நிற்கும் இடம் நர்சரி. இருபது செடிப்பைகள், தென்னைநார்க் கட்டிகள், இரண்டு மூட்டை மண்புழு உரம், பத்துப் பதினைந்து விதைப் பொட்டலங்கள், ஒரு பூவாளி. ஆட்டோவில் ஏற்றி வீடு சேரும்போது 5,000 ரூபாய் கரைந்திருக்கும். அதே 5,000 ரூபாய்க்கு இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்று வாங்கலாம். ஒன்றுமே வாங்காமல், வாரத்தில் ஒரு நாள் விடிந்ததும் எழுந்து துணிப்பையோடு உழவர் சந்தைக்கும் போகலாம். மூன்றும் மாதச் செலவைக் குறைக்கும் வழிகள்தான். ஆனால் மூன்றும் குறைக்கும் தொகை ஒன்றல்ல, கேட்கும் உழைப்பும் ஒன்றல்ல.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம்தான் நோக்கம் என்றால் கிரைண்டர் முதலில், சந்தை அடுத்து, மாடித் தோட்டம் கடைசியில். தோட்டத்திலும் காய்க்கு முன்னால் இலை. செடி வளர்க்கும் ஆசைக்காகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தாராளமாகப் போடலாம், நானும் போட்டிருக்கிறேன். ஆசைச் செலவைச் சேமிப்புக் கணக்கில் எழுதிக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். நான்கு பேர், வாடகை வீடு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மொட்டை மாடியில் கொஞ்சம் இடம் உண்டு. கீழே வரும் விலைகள் எங்கள் பகுதியில் கொடுக்கும் சுமாரான விலைகள். ஊருக்கு ஊர் ஐந்து பத்து ரூபாய் மாறும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள விகிதம் அவ்வளவாக மாறாது.

கிரைண்டர்

ஒரு கிலோ இட்லி அரிசி 50 ரூபாய். கால் கிலோ உளுந்து 35 ரூபாய். வெந்தயம், உப்பு எல்லாம் சேர்த்து 90 ரூபாய் என்று வையுங்கள். ஊறவைத்து அரைத்துக் கரைத்தால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். தெருமுனைக் கடையில் பாலிதீன் பையில் கட்டித் தரும் மாவு கிலோ 50 ரூபாய். பெயர் போட்ட நிறுவன மாவு 80 முதல் 100 ரூபாய் வரை. அதாவது 90 ரூபாயில் வீட்டில் செய்யும் மாவைக் கடையில் வாங்கினால் 150 ரூபாய், பெயருக்கும் சேர்த்துக் கொடுத்தால் 270 ரூபாய்.

இட்லியும் தோசையும் வாரத்தில் நான்கைந்து வேளை ஓடும் வீட்டில் மாதம் 15 கிலோ மாவு தீர்ந்துவிடும். வீட்டில் அரைத்தால் 450 ரூபாய். உள்ளூர்க் கடையில் 750, நிறுவன மாவு என்றால் 1,350. மிச்சம் 300 ரூபாயிலிருந்து 900 ரூபாய் வரை. மின்சாரத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். வீட்டு டில்டிங் கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட்தான். அரை மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இது ஒரு செலவே இல்லை. ரேஷன் புழுங்கல் அரிசி நன்றாக இருக்கும் மாதத்தில் இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து அரைப்பவர்கள் ஏராளம். அப்போது 90 ரூபாய் 65 ரூபாயாகக் குறையும். இட்லி ஒரு மாற்று குறைவாக இருக்கும், தோசைக்கு ஒரு குறையும் தெரியாது.

முதலீடு திரும்பிவர எவ்வளவு காலமாகும்? நிறுவன மாவு வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஆறு மாதம். தெருமுனை மாவு வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒன்றரை ஆண்டு. கிரைண்டரோ பத்தாண்டுகளுக்கு மேல் உழைக்கும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கல்லுக்கும் பெல்ட்டுக்கும் மோட்டாருக்கும் பழுது பார்க்க இந்த ஊரில் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த கிரைண்டர் பரணில் தூங்கும் வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு முதலீடே கிடையாது. பெல்ட்டை மாற்றினால் ஓடிவிடும்.

ஆனால் மாவில் உண்மையான சேமிப்பு இந்தக் கூட்டல் கழித்தலில் இல்லை. இரவு எட்டு மணிக்கு இருவரும் களைத்து வீடு திரும்புகிறார்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் மாவு இருக்கிறது என்றால் பத்து நிமிடத்தில் தோசையும் பொடியும் தட்டில் விழும். மாவு இல்லையென்றால் கை கைபேசிக்குப் போகும். நான்கு பேருக்கு வெளியிலிருந்து வரவழைத்தால், டெலிவரிக் கட்டணமும் சேர்த்து, 400 ரூபாய்க்குக் குறையாது. மாதத்தில் இப்படி இரண்டு ஆர்டர்களைத் தடுத்தாலே தெருமுனை மாவில் மிஞ்சும் 300 ரூபாயைவிடப் பெரிய தொகை மிஞ்சும். இந்தக் காரணத்துக்காகவே, அரைக்க நேரமில்லாதவர்கள் கடை மாவையாவது வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பேன். கடை மாவுக்கு எதிரி வீட்டு மாவு இல்லை, இரண்டுக்குமே எதிரி உணவக பில்தான்.

உழைப்பையும் சொல்ல வேண்டும். ஊறுவதற்கு நான்கைந்து மணி நேரம், அதற்கு ஆள் தேவையில்லை. உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் கிண்ணத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும். பிறகு அரிசி. அது ரவை பதத்தில் நின்றால் போதும். இதற்கெல்லாம் இடையில் வேறு வேலையைப் பார்க்கலாம். சலிப்பூட்டுவது கழுவும் வேலைதான். கல்லைத் தூக்கி, அச்சைச் சுற்றிக் காய்ந்த மாவைத் துழாவி எடுத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து ஈரம் வடியவிடுவது வரை கால் மணி நேரம் பிடிக்கும். பல வீடுகளில் கிரைண்டர் பரணேறியதற்குக் காரணம் அரைப்பது அல்ல, இந்தக் கால் மணி நேரம். அதுவும் அது எப்போதும் ஒரே ஆளின் கால் மணி நேரமாக இருப்பது. அரைப்பது ஒருவர், கழுவுவது இன்னொருவர் என்று முன்பே பேசி வைத்துக்கொண்ட வீடுகளில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். பேசாத வீட்டில் மூன்றாம் மாதம் மறுபடி பாலிதீன் பை வந்துவிடும். அந்த 300 ரூபாய் மிச்சம் ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுத்த சம்பளம்தான் என்றால், கிரைண்டருக்கு ஆதரவாக நானே வாதாட மாட்டேன்.

கிரைண்டரும் வேண்டாத சேமிப்பு

சமையலறையில் மிகக் குறைந்த உழைப்புக்கு மிக அதிகம் மிஞ்சுவது தயிரில். ஆவின் நீல பாக்கெட் லிட்டர் 40 ரூபாய். ஒரு லிட்டர் பாலை உறை ஊற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோ தயிர். பாக்கெட் தயிர் அரை கிலோ 35 ரூபாய் அளவில் விற்கிறது, அப்படியென்றால் கிலோ 70. பொட்டலமிட்ட தயிருக்கு 2022 ஜூலையில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது நினைவிருக்கும். பாக்கெட் பாலுக்கு அந்த வரி கிடையாது. நாளைக்கு அரை கிலோ தயிர் செலவாகும் வீட்டில் மாதம் 450 ரூபாய் மிச்சம். இதற்குப் புதிதாக ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை. பால் எப்படியும் காய்கிறது. விரலை விட்டுப் பார்த்தால் இதமாகச் சுடும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி பழைய தயிரைக் கலந்து மூடிவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாக்கெட் தயிரைப் போலக் கத்தியால் வெட்டும் கெட்டித்தனம் நீலப் பாலில் வராது. அதைச் சொல்லாமல் விட்டால் முதல் நாளே ஏமாற்றமாகிவிடும். காய்ச்சும்போது கொஞ்சம் அதிகமாகச் சுண்டவிட்டால் ஓரளவு இறுகும். மார்கழிக் குளிரில் உறைய நேரமெடுக்கும். பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தால் காலையில் தயிர். நெய்யையும் இதிலேயே எடுத்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். நீலப் பாலில் கொழுப்பு 3 விழுக்காடு, லிட்டருக்கு 30 கிராம். ஒரு துளி வீணாகாமல் எடுத்தாலும் ஒரு கிலோ நெய்க்கு 33 லிட்டர் பால் வேண்டும். 1,300 ரூபாய்க்கு மேல் பாலைக் கொட்டி உருக்குவதற்குக் கடையில் நெய்யே வாங்கிவிடலாம்.

முளைகட்டிய பயறும் இப்படித்தான். 100 கிராம் பச்சைப்பயறு 12 ரூபாய். இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் இரு மடங்கு எடையாகும். பல்பொருள் அங்காடியில் அதே அளவு முளைப்பயறு தட்டில் 35, 40 ரூபாய். மண்ணும் வெயிலும் பூச்சிமருந்தும் கேட்காத தோட்டம் வேண்டுமென்றால் அது இதுதான்.

சாம்பார்ப் பொடியைப் பற்றி எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். ஒரு கிலோ மல்லி, அரை கிலோ மிளகாய், பருப்பு வகைகள், மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் சேர்த்து, மில் கூலியோடு 440 ரூபாய்க்குள் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பொடி கிடைக்கும். பாக்கெட்டில் அதே அளவு 850 ரூபாய் தாண்டும். பாதி விலை என்பது உண்மை. ஆனால் அந்தப் பொடி நான்கைந்து மாதம் வரும், ஆக மாதத்துக்கு 100 ரூபாய்கூட மிச்சமில்லை. அதற்கு ஒரு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும், மிளகாய்க் காம்பைக் கிள்ள வேண்டும், தும்மிக்கொண்டே வறுக்க வேண்டும், பிறகு மில்லில் காத்திருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் மில்லில் வரிசையைப் பார்த்து நிற்பார்கள். முன்னால் இருப்பவர் வெறும் மிளகாய் அரைத்திருந்தால் அவருக்கு அடுத்து உடனே தூக்கைக் கொடுக்க மாட்டார்கள்; எந்திரத்தில் தங்கியிருக்கும் மிளகாய்த்தூள் தம் பொடியில் இறங்கிவிடும் என்று, மல்லி கொண்டுவந்தவர் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். எனக்கு வீட்டுப் பொடியின் மணத்துக்கு ஈடு கிடையாது, அதனால் அரைக்கிறேன். பணத்துக்காக என்று சொன்னால் பொய்யாகும். புது மிளகாய் சந்தைக்கு வரும் மாசி, பங்குனியில் ஆண்டுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிக் காயவைக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் லாபம் உண்டு.

ஊறுகாயிலும் வற்றலிலும் ஏறத்தாழ இதே கதைதான். செக்கெண்ணெய் விஷயம் தலைகீழ். ஒரு கிலோ கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் பருப்புக்கே 300 ரூபாய் ஓடிவிடும், ஆட்டுகிற கூலி தனி. பிண்ணாக்கை விற்றாலும் பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த கடலை எண்ணெயின் விலைக்கு இறங்காது. மரச்செக்கு எண்ணெயை 350, 400 ரூபாய்க்குக் கடையில் வாங்குகிறவர்கள் கடலை கொடுத்து ஆட்டிக்கொள்வதில் மிச்சம் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அது தரத்துக்காகச் செய்யும் கூடுதல் செலவு.

மாடியில் என்ன விளையும், எவ்வளவுக்கு விளையும்

இப்போது நர்சரிக்கு வருவோம். கொஞ்சம் பெரிய பை 80 ரூபாய். அதை நிரப்பத் தென்னைநார், மண்புழு உரம், செம்மண் எல்லாம் சேர்த்து 100 ரூபாய். மீதி விதைக்கும் பஞ்சகவ்யத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் பந்தல் கயிற்றுக்கும் போகும். இருபது பைகளுக்கு 5,000 ரூபாய் என்பது மிகையில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தொகுப்பு கிடைத்தால் நல்லது. பைகள், தென்னைநார்க் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்து வரும் அதில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அது ஆறு பை அளவுக்கான தொகுப்பு, இருபது பைக்கு இல்லை.

ஆறு பையில் தக்காளி, நான்கில் கத்தரி, நான்கில் வெண்டை, ஆறில் கீரை. இதுதான் வழக்கமான முதல் தோட்டம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பைத் தக்காளி ஒரு செடிக்கு இரண்டு கிலோ தரும். ஆறு செடிக்கு 12 கிலோ, சராசரி விலையில் 360 ரூபாய். கத்தரி இதைவிடச் சமர்த்து, நான்கு செடியில் 12 கிலோ வரை எடுக்கலாம், 480 ரூபாய். வெண்டை எட்டுச் செடி வைத்தாலும் நாளைக்கு மூன்று காய், ஐந்து காய் என்று வரும். ஒரு பொரியலுக்குச் சேர்வதற்குள் முதல் காய் முற்றிவிடும். மொத்தம் நான்கு கிலோ, 160 ரூபாய். கீரை 400 ரூபாய்க்குத் தேறும். நான்கு மாதத்தில் 1,400 ரூபாய், மாதம் 350.

வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் இலைச் சுருட்டை நோயும் வராமல், அணிலும் எலியும் காயைப் பாதி கடித்துப் போடாமல், பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனபோது செடி வாடாமல், எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் இந்த 350. இதிலிருந்து உரத்துக்கும் மருந்துக்கும் கழிக்க வேண்டும். வெயிலில் நைந்து பை கிழிந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டும். தினம் காலையில் அரை மணி நேரம் மாடியில் கழியும். ஒரு கரண்டி மோரைப் பாலில் விட்டு மூடிவைத்தால் மிஞ்சும் தொகையைவிட இது குறைவு.

தண்ணீரையும் சேர்க்க வேண்டும். கோடையில் பைக்கு இரண்டு லிட்டர் என்றாலும் நாளைக்கு 40 லிட்டர். சிறுவாணித் தண்ணீர் தாராளமாக வரும் பகுதியில் இது பெரிதில்லை. பல நாளுக்கு ஒருமுறை குழாய் திறக்கும் பகுதியிலும், லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்குமாடியிலும் தக்காளியைக் குடத்துக் கணக்கில் விலை கொடுத்து வளர்ப்பதாகவே ஆகும். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் இருபது பைக்குப் போதாது, நான்கு பைக்குப் போதும்.

தக்காளி விஷயத்தில் இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. 2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியதும், அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில்தான் வீட்டில் தக்காளி போட வேண்டும் என்ற ஞானம் பிறக்கிறது. நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, காய் சிவக்க மூன்று மாதம் ஆகும். அதே விலையைப் பார்த்துக் கிணத்துக்கடவிலும் உடுமலையிலும் ஒட்டன்சத்திரத்திலும் விவசாயிகளும் நட்டிருப்பார்கள். நம் செடி காய்க்கும் வாரத்தில் சந்தையில் தக்காளி கூடை கூடையாக வந்து குவியும். பறிக்கும் கூலிக்கே கட்டாமல் சாலையோரம் கொட்டுகிற செய்தியும் அதே சமயம் நாளிதழில் வரும். விலை ஏறியதைப் பார்த்து நடும் தக்காளி விலை இறங்கியபின்தான் பழுக்கும்.

அப்படியானால் மாடியில் எதை வைப்பது? எடைக்கு விற்பதை விட்டுவிட்டு, கட்டுக்கு விற்பதை வையுங்கள். புதினாவைப் பாருங்கள். கட்டு 10 ரூபாய். ஒரு துவையலுக்குப் பாதிதான் வேண்டும், மீதி மூன்றாம் நாள் குளிர்பதனப் பெட்டியில் கறுத்துச் சொதசொதவென்று கிடக்கும். உண்மையில் நாம் கொடுப்பது கட்டுக்கு 20 ரூபாய். இலையைக் கிள்ளியபின் மிஞ்சும் தடித்த தண்டுகளை ஈரமண்ணில் படுக்கவைத்து, பாதி வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்தால் போதும், விதைச் செலவுகூட இல்லை. பொன்னாங்கண்ணியும் இப்படியே தண்டிலிருந்து வரும். கொடிப்பசலையை ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டால் மறந்துபோனாலும் சாகாது. அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த மூன்று நான்கு வாரத்தில் கிடைக்கும். பத்து நாளைக்கு ஒரு பையாக முறைவைத்து விதைத்தால் வாரம் ஒருமுறை கீரை உறுதி. கோவைக்காய்க் கொடி ஒன்று மட்டும் காய்களில் விதிவிலக்கு. ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் காய்க்கும்.

கொத்தமல்லி பார்க்க எளிது, வளர்ப்பவரை அலைக்கழிக்கும். தனியாவை இரண்டாக உடைத்து விதைத்து, முளைக்கக் காத்திருந்து, ஒரு கட்டு அளவுக்கு வளர்வதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிடும். கோடையில் பூத்தும் போய்விடும். கறிவேப்பிலை முதல் ஒன்றிரண்டு ஆண்டு இலை பறிக்க மனம் வராத அளவுக்கு மெதுவாக வளரும், பிறகு அட்சயபாத்திரம்தான். ஆனால் பணக்கணக்கு என்று வந்தால், காய் வாங்கும்போது கறிவேப்பிலையைக் கொசுறாகத் தரும் கடைக்காரர் இருக்கும்வரை அந்தச் செடி ஒரு ரூபாயும் மிச்சம் பிடித்துத் தராது. மருந்தடிக்காத இலை என்ற நிம்மதிக்காக வைக்கலாம்.

இப்படி இலைத் தோட்டமாக ஆறு பை வைத்தால் ஏறக்குறைய 1,000 ரூபாயில் முடியும். மாதம் 150, 200 ரூபாய் மிஞ்சும், அரை ஆண்டில் முதலீடு கைக்கு வந்துவிடும். இருபது பையில் போட்ட 5,000 எல்லாம் நன்றாக நடந்தாலும் ஒன்றரை ஆண்டு கேட்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். சித்திரையில் ஆர்வத்தோடு தொடங்கிய தோட்டங்கள்தான் அதிகம் காய்ந்திருக்கின்றன.

ஒன்றும் வாங்காமல்

உழவர் சந்தையை யாரும் சேமிப்புத் திட்டமாகப் பேசுவதில்லை. அதில் படம் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து முறை ஒன்றுதான்: விவசாயி நேராகக் கொண்டுவந்து விற்பார், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவாக அது நிர்ணயிக்கப்படும். எங்கள் ஊரில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், சுந்தராபுரம், வடவள்ளி என்று பல இடங்களில் இருக்கிறது. வாரம் 500 ரூபாய்க்குக் காய் வாங்கும் குடும்பத்துக்கு 75 ரூபாய், மாதம் 300 ரூபாய் மிச்சம். இருபது பைத் தோட்டம் எல்லாம் நன்றாக நடந்தால் தருவதும் கிட்டத்தட்ட இதுதான். இதற்கு முதலீடு இல்லை, பூச்சி இல்லை, தண்ணீர் இல்லை. எட்டு மணிக்குள் போக வேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான். ஒன்பது மணிக்குப் போனால் நல்ல கத்தரிக்காய் போயிருக்கும், பலகையில் விலை மட்டும் இருக்கும். வீட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் பெட்ரோலுக்கே மிச்சம் சரியாகிவிடும். அலுவலகத்துக்குப் போகிற வழியில் இருந்தால் மட்டுமே இது லாபம். வாங்கிவந்த காயைத் தின்னாமல் அழுகவிட்டால் அதுவும் இல்லை. விலை மலிவு என்று மூன்று கிலோ பீட்ரூட் வாங்கிவருகிற ஆட்களை எல்லா வீட்டுக்கும் தெரியும்.

யாருக்கு எது

நான் எடுத்துக்கொண்ட நான்கு பேர் குடும்பம் நாளைக்கே தொடங்கலாம்: இன்றிரவு தயிர், இந்த வாரம் சந்தை, அடுத்த சம்பளத்தில் கிரைண்டர், ஆடியில் ஆறு பை. எல்லாம் நடந்தால் மாதம் 1,200 ரூபாய்க்கும் 1,800 ரூபாய்க்கும் இடையில் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சமையலறையிலிருந்துதான் வரும்.

அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்குக் கிரைண்டர் தேவையில்லை. இரண்டு பேருக்கு மூன்று கிலோ மாவு தீர்வதற்குள் புளித்துவிடும். கடை மாவும் வீட்டுத் தயிரும் அவர்களுக்குப் போதும். வாடகை வீட்டில் மாடியை வீட்டுக்காரர் யாருக்கும் விடமாட்டார் என்றால் பால்கனிக் கம்பியில் புதினாவும் பசலையும் வையுங்கள். மாடி கிடைத்தாலும், பைகளைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகையிட்டு வையுங்கள். தளத்தில் ஈரம் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரிந்தால், முன்பணத்திலிருந்து கழியும் தொகைக்குப் பத்தாண்டுக் கீரை வாங்கலாம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இருபது பை என்ன, நாற்பதுகூட வைக்கலாம். காலை அரை மணி நேரத்தை அவர்கள் செலவாக நினைப்பதில்லை.

சொந்த வீடும் சுற்றிலும் மண்ணும் இருப்பவர்களுக்குத் தொட்டி எதற்கு? அவர்கள் முருங்கை வைக்க வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் விதையிலிருந்தே ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும், ஒரு மரம் ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் தரும். கோடையில் முருங்கைக்காய் சீந்துவாரில்லாமல் கிடந்தாலும், மழையும் குளிருமான மாதங்களில் ஒரு காய் 20, 30 ரூபாய் என்று எகிறும். அப்போது வீட்டு மரத்தில் காய் குறைவாக இருந்தாலும் கீரை இருக்கும். மதில் ஓரமாக மட்டும் நடாதீர்கள், பத்தடியாவது உள்ளே தள்ளி நடுங்கள். கிளை சுலபமாக முறியும், கம்பளிப்பூச்சி பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறும். அப்புறம் வருகிற சண்டையைத் தீர்க்க, சேமித்த முருங்கைக்காயில் பாதியை மதிலுக்கு அந்தப் பக்கம் கொடுக்க வேண்டிவரும்.